பூட்டியிருப்பவர்

வெள்ளி இரவு ஏழு நாற்பது.
பாயான் லெப்பாஸில் மழை.
மூன்றாம் மாடியில் ஏர்கோன் நின்றுவிட்டது,
செர்வர் அறை மட்டும்
தன் குளிருக்குள் உறுமிக்கொண்டிருக்கிறது.

என் வேலை சின்னது.
பிடிப்புத் தகட்டில் ஆறு துளைகள்.
நான்கு புள்ளி இரண்டை
நான்கு புள்ளி ஐந்தாக்க வேண்டும்.
ஓர் எண்ணை அழித்து ஓர் எண்ணை எழுதுவது,
பல் துலக்கும் நேரம்கூட ஆகாது.

கோப்பின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பூட்டு.
பூட்டியிருப்பவர்: சியூ லேய் பெங்.
காலை 9.12 முதல்.

அவள் ஸ்வெட்டர் நாற்காலியில் இருக்கிறது.
பாதி குடித்த பார்லி தண்ணீர் மேசையில் இருக்கிறது.
அவள் மட்டும் மகனோடு
பூலாவ் தீக்குஸ் மருத்துவமனையில்.
மதியம் பள்ளியில் மூச்சு முட்டியிருக்கிறது அவனுக்கு.
அவசரத்தில் பையை எடுத்தாள்,
லேப்டாப்பை எடுத்தாள்,
பூட்டைத் திறக்கவில்லை.

கூலிம் பட்டறை பத்து மணிவரை காத்திருக்கும்.
அதற்குமேல் என்றால் செவ்வாய்க்கிழமை.

ஹஃபிசுத்தீனுக்கு ஃபோன் அடிக்கிறேன்.
எங்கோ தட்டுகள் மோதும் கடையில் இருக்கிறான்.
நிர்வாகச் சாவி அவனிடம்தான்.
"உடைச்சிடட்டுமா, காக்?"
மலாயில் கேட்டாலும் உடைப்பது உடைப்பதுதான்.
காலையிலிருந்து அவள் செய்ததெல்லாம்
யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நகலாகத் தங்கிவிடும்.

நகல் எனக்குத் தெரியும்.
போன தீபாவளிக்கு முந்தைய வாரம்
சர்வேந்திரன் பூட்டி வைத்திருந்த கோப்பை
என் மேசைக்கு இழுத்துக்கொண்டேன்.
பெயர்: தவேஸ்_கடைசி.
பிறகு தவேஸ்_கடைசி_சரியானது.
பிறகு இதுதான்_கடைசி.
அவன் அவனுடையதைத் திருத்தினான்,
நான் என்னுடையதை.
ஒரே உறையில் இரண்டு கத்தி.
கூலிமுக்கு என்னுடையது போயிற்று.
நாற்பது தகடுகள்,
ஒவ்வொன்றிலும் மூன்று மில்லி தள்ளிப்போன துளைகள்.
யாரும் திட்டவில்லை.
அதில் ஒன்றைக் கழுவித் துடைத்து
மானிட்டருக்கு அடியில் வைத்தேன்,
உயரம் போதவில்லை என்று.
இப்போது அந்தச் சிவப்புப் பூட்டு
அதன்மேல்தான் நிற்கிறது.

"வேண்டாம்" என்கிறேன்.
"அப்புறம் என் மேல பழி போடாதீங்க" என்கிறான்.
தட்டுச் சத்தம்.

லேய் பெங்குக்கு என்ன எழுதுவது?
மகன் எப்படி என்று எழுதினேன்.
கோப்பு என்று எழுதி அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.
மறுபடி அழித்தேன்.
மகன் எப்படி என்பது மட்டும் போயிற்று.

எட்டே முக்கால்.
ஒன்பது இருபது.
பாலத்து விளக்குகள் மழையில்
கோணல் கோணலாகத் தெரிகின்றன.

ஒன்பது நாற்பத்தொன்று. பூட்டு இல்லை.

கோப்பைத் திறந்தேன்.
துளைகள் அப்படியே நான்கு புள்ளி இரண்டு.
தகட்டின் விளிம்பு மட்டும்
இரண்டு மில்லி வெளியே போயிருந்தது.
மாற்றக் குறிப்பில் அவள் எழுத்து:
'துளையைத் தொடவில்லை.
எப்படியும் தவேஸ் பெரிதாக்குவாள்.
ஓரம் பிளக்காமல் இருக்க இடம் விட்டேன்.
நெபுலைசர் முடிந்தது. தூங்குகிறான்.'

நான் ஓரத்தை நினைக்கவே இல்லை.

பூட்டியிருப்பவர்: தவேஸ்வரி.
ஆறு துளைகள். நான்கு புள்ளி ஐந்து.
சேமித்தேன்.
பதிப்பு எஃப், ஜி ஆயிற்று.
பத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது
கூலிமிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

கீழே காவலர் பகதூர்
சாப்பிட்டாச்சா என்று நேப்பாளம் கலந்த மலாயில் கேட்கிறார்.
இல்லை என்று தலையாட்டிக் குடையை விரிக்கிறேன்.
கார் வரை நடந்த பிறகு

பூட்டைத் திறந்தேனா?

குடையை மடக்குகிறேன்.
பகதூர் சிரிக்கிறார்.
லிஃப்ட் இன்னும் தரைத்தளத்தில்தான் நிற்கிறது.